தரம் என்ற சொல்லும் எங்கள் கணக்குப் பாடமும்

எங்கள் வீட்டு அலுமாரியில் பழைய பரீட்சைச் சான்றிதழ்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று என் ராத்தாவுடையது, மற்றது என்னுடையது. எங்கள் இருவருக்கும் இடையில் மூன்று வயதுதான் வித்தியாசம். ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே பாடசாலை. ஆனால், ராத்தாவின் சான்றிதழில் ‘எண்கணிதம்’ என்றிருக்கிறது. என்னுடையதில் ‘கணிதம்’ என்றிருக்கிறது. இரண்டெழுத்து வேறுபாடு. அந்த வேறுபாடுதான் ராத்தாவைத் தையல் மெஷினுக்கு முன்னாலும் என்னைக் கரும்பலகைக்கு முன்னாலும் கொண்டுபோய் நிறுத்தியது.

முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இக்கரையோரப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அக்காலம் முழுவதும் ‘கணிதத்தின் தரம் வீழ்ந்துவிட்டது’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வலயக் கூட்டங்களில் சொன்னார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், கலியாண வீடுகளில் என்னைக் கண்டதும் எடுத்துவிட்டார்கள். இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அட்டாளைச்சேனையில் இருந்தபடி அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

எமது கல்விமுறையில் ‘தரம்’ என்ற சொல் புகாத இடமில்லை. வகுப்புக்குப் பெயர் தரம். பரீட்சைக்குப் பெயர் சாதாரண தரம், உயர் தரம். கிடைக்கும் கடதாசிக்குப் பெயர் தராதரப் பத்திரம். பல்கலைக்கழக வாசலில் நின்றது தரப்படுத்தல். இத்தனை தரங்களும் பிள்ளையை அளப்பதற்கென்றே உண்டானவை. அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தோம் என்பதை அளக்க ஒரு தரத்தை நாம் உண்டாக்கவில்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்; மற்றவை இதற்கான சாட்சிகள்.

களத்துக் கணக்கு

கணக்கு எங்கள் ஊருக்குப் பாடசாலையோடு வந்ததல்ல. வாப்பா வயற்காரர். சூடடித்து முடிந்து நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘பறக்கத்து’ என்பார். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. இருபது முப்பது மரைக்கால் அளந்து முடியும்போது, கூலிக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு என்பது அவர் மனதில் ஒழுங்காக இருக்கும். அவர் பாடசாலையில் இருந்தது மூன்றே வருடம்.

பின்னம் எங்களுக்கு வந்தது சொத்துப் பங்கீட்டால். பெரியவாப்பா மௌத்தான பிறகு அவருடைய வயற்காணியைப் பங்கிட உட்கார்ந்தார்கள். மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்றால் பிள்ளைகளுக்கு ஏழு பங்கு. ஆக, காணியை எட்டாகப் பிரித்தால் எல்லாம் சரிவரும். லெப்பை கடதாசி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா “எட்டாப் பிரிச்சாச் சரி” என்றுவிட்டார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலிலிருந்துதான் ‘அல்ஜிப்ரா’ என்ற பெயர் உலகுக்குப் போனது. அந்நூலின் கணிசமான பகுதி இத்தகைய வாரிசுரிமைக் கணக்குகளே என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ராத்தாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

அப்படிப்பட்ட ராத்தாவுக்குப் பாடசாலை கொடுத்தது எண்கணிதம் மட்டுமே. அதற்குக் காரணம் ராத்தா அல்ல.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1942இல், யுத்தகாலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு அனுப்பப்பட்ட உதவி அரசாங்க அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ், இங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945இல் அவர் முன்னின்று அமைத்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அந்த அனுபவமே விதை. எங்கள் ஊரில் ஆசிரியர் கலாசாலையும் உருவானது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் முஸ்லிம் ஆசிரியர்கள் இங்கு வந்து பயிற்சி பெற்றுப் போனார்கள். ஆயினும், பாடசாலைகள் பெருகிய வேகத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் பெருகவில்லை. 1950களிலிருந்து இடைநிலை வகுப்புகள் படிப்படியாகச் சுயபாஷைக்கு மாறின. அப்போது தமிழில் கேத்திரகணிதமும் அட்சரகணிதமும் கற்பிக்க வல்லவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்களாகவே இருந்தனர்.

அதற்கும் காரணம் உண்டு. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரியில் கணிதம் முக்கிய பாடம். அம்மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இலேயே தமிழில் வீசகணித நூல் வெளியிட்டுவிட்டார். ஒரு நூற்றாண்டு முந்திப் புறப்பட்டவர்களோடு நாங்கள் ஒரே பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் எவருமே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நிந்தவூரைத் தாண்டினால் காரைதீவு. அங்கு 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பண்டைத் தமிழிசையின் சுருதிக் கணக்குகளை ஆராய்ந்து 1947இல் அவர் வெளியிட்ட யாழ்நூலைக் கணிதம் தெரியாதவர் எழுதியிருக்க முடியாது. ஆனால், ஓர் அடிகள் ஒரு கரையோரத்தின் எல்லா வகுப்பறைகளுக்கும் போதமாட்டார்.

ஆகவே, வசதியுள்ள பெரிய பாடசாலைகளில் தூய கணிதம், பிரயோக கணிதம். எங்களைப் போன்ற ஊர்களில் எண்கணிதம். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு எண்கணிதத்துடன் மனையியலும் தையலும். எந்த வகுப்பில் பிள்ளையின் பாதை பிரிந்தது என்பதைப் பிள்ளையோ பெற்றாரோ அறிந்ததில்லை. ஆசிரியர் இல்லாத பாடம் நேரசூசியில் இல்லை. நேரசூசியில் இல்லாத பாடம் பிள்ளைக்கு விதிக்கப்படவில்லை என்று ஆகிவிடும்.

1972: ‘தொடை’ வந்த கதை

1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. படித்தும் வேலையற்றிருந்த இளைஞர்களை என்ன செய்வது என்ற கேள்வி அரசாங்கத்தை உலுக்கியது. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தின் பின்னணி அது. கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். 1960 முதல் 1963 வரையும், பிறகு 1970 முதல் 1977 வரையும் அப்பொறுப்பை வகித்தவர். எங்கள் வீடுகளில் அவர் பெயரைச் சொன்னால் ஆசிரியர் நியமனங்கள் நினைவுக்கு வரும். நாட்டின் வேறு பகுதிகளில் அதே பெயர் வேறு உணர்வுகளைக் கிளப்பும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சீர்திருத்தத்தின்படி ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம். கொழும்பில் உள்ள பிள்ளைக்கும் அட்டாளைச்சேனைப் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், கணிதமும் ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் கட்டாயம். சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசியக் கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை. முதற்பரீட்சை 1975இல். 1972இல் ஆறாம் வகுப்பில் கால்வைத்த முதல் அணியில் நானும் ஒருத்தி. ராத்தா மேல்வகுப்பில் இருந்ததால் பழைய முறையோடு போய்விட்டார். எங்கள் இருவரையும் பிரித்தது புத்தியல்ல, ஒரு சுற்றுநிருபம்.

புதிய கணிதப் புத்தகத்தைத் திறந்தால் கூட்டலும் கழித்தலும் முன்னால் இல்லை. ‘தொடைகள்’ என்றிருந்தது. தமிழகத்தில் ‘கணம்’ என்பதை இங்கு ‘தொடை’ என்று ஆக்கியிருந்தார்கள். அதைப் பிள்ளைகள் முன்னால் எப்படி உச்சரிப்பது என்று எங்கள் ஆசிரியர் தடுமாறினார். பின்வாங்கில் சிரிப்பு. அடுத்த நாள் அவர் யாப்பிலக்கணத்துத் தொடையைச் சொல்லி, பூத்தொடையைச் சொல்லி, ஒரு நூலில் கோக்கப்பட்டவை எல்லாம் ஒரு தொடை என்று விளக்கினார். அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால், அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது அவருக்கும் புதிது. ஒரு வாரப் பயிற்சியில் கேட்டதை எங்களிடம் வந்து ஒப்புவித்தார். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு பாடம்தான் அவர் முன்னே போய்க்கொண்டிருந்தார்.

இது எங்கள் ஊரின் தனிக் கதையுமல்ல. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதும் அமெரிக்கா பதறியது. 1958இல் அங்கு பாடசாலைக் கணித ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. 1959இல் பிரான்சின் றொயோமோனில் நடந்த கருத்தரங்கில், யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைத் தூக்கி எறியுங்கள் என்ற தோரணையில் கணிதமேதை தியூதொனே பேசினார். ‘நவீன கணிதம்’ உலகெங்கும் பரவியது. எங்களுக்கு அது வந்துசேர்ந்த மறுவருடம், 1973இல், அமெரிக்கக் கணிதவியலாளர் மொறிஸ் கிளைன் அதைக் கடுமையாகத் தாக்கிப் புத்தகம் வெளியிட்டார். பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியவில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. அதையே எங்கள் வாப்பா அமெரிக்காவைக் கேளாமல் சொன்னார். என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன புள்ள, வட்டத்துக்குள்ள வட்டம் போட்டிரிக்கி? இதுல எங்க கணக்கு?” என்று கேட்டார்.

இரு தரப்பாரிடமும் நியாயம் இருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லத் தடுமாறிய பிள்ளைகள் வெண் வரிப்படம் கீறினார்கள் என்பது உண்மை. அதேவேளை, அந்தப் பாடத்திட்டம் வராதிருந்தால் எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளில் ஒருத்திகூடச் சமன்பாடு என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டாள். 1972ஐத் திட்டுபவர்கள் ஆசிரியரைத் தயார்படுத்தாமல் பாடத்தைத் திணித்ததைத் திட்டட்டும். எல்லாருக்கும் கணிதம் என்ற தீர்மானத்தைத் திட்ட எனக்கு நா எழாது. நான் அதன் பயன்.

புள்ளிகளின் கணக்கு

அதே ஆண்டுகளில், ‘தரம்’ என்ற சொல் இன்னோர் இடத்தில் தீப்பற்றியது. 1970இல் தமிழ்மொழிமூலப் பரீட்சகர்கள் தம் மாணவர்களுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அது நிரூபணமாகவில்லை. இருந்தும், 1971 பல்கலைக்கழக அனுமதியில் இருவேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலத்தவருக்கு 400க்கு 227, தமிழ்மொழிமூலத்தவருக்கு 250. மருத்துவத்துக்கு 229ம் 250ம். 1973இல் மொழிமூலத் தரப்படுத்தல். 1974இல் மாவட்டப் பங்கீடு.

கணித ஆசிரியை என்ற வகையில் ஒன்றைச் சொல்லவேண்டும். தரப்படுத்தல் என்பது அடிப்படையில் ஒரு புள்ளிவிபரச் செய்கை. ஒரு கூட்டத்தாரின் புள்ளிகளின் சராசரியையும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் எடுத்து, வேறொரு கூட்டத்தாரின் புள்ளிகளோடு ஒரே அளவுகோலில் நிறுத்துவது. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதியில் பயன்படும் இசட் புள்ளியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வெவ்வேறு பாடங்களின் வினாத்தாள்கள் ஒரே கடினமுடையவையல்ல என்பதற்காக அது செய்யப்படுகிறது. செய்கையில் குற்றமில்லை. ஆனால், அதற்குள் ஒரு எடுகோள் இருக்கிறது: இரண்டு கூட்டமும் உண்மையில் சமம், வேறுபாடு வினாத்தாளாலோ திருத்தியவராலோ வந்தது என்பது. 1973இல் அந்த எடுகோளை மொழிகள் மீது வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் நூறு வருடம் கற்பித்ததால் வந்த வேறுபாடு, திருத்தியவரின் பிழை போலக் கருதப்பட்டுக் கழிக்கப்பட்டது. அந்த இளைஞர்களின் காயம் எதில் போய் முடிந்தது என்பதை இங்கு விரிக்கத் தேவையில்லை.

எங்கள் நிலை என்ன? இதை நாம் அதிகம் பேசுவதில்லை. அட்டாளைச்சேனைப் பிள்ளையும் தமிழில்தான் பரீட்சை எழுதியது. ஆகவே, மொழிமூல வெட்டுப்புள்ளியின் 250 எங்கள் பிள்ளைக்கும் 250தான். யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் எங்களிடம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு வைத்த தடை மட்டும் இருந்தது. மறுபுறம், 1974இன் மாவட்டப் பங்கீடு எங்களுக்குக் கதவைத் திறந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து உருவான அம்பாறை மாவட்டத்துக்கென்று இடங்கள் வந்தன. அதன்மூலம் எங்கள் ஊர்களிலிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் உருவானார்கள். ஒரே கொள்கைத் தொகுதி பக்கத்து வீட்டாருக்கு அநீதியாகவும் எமக்கு வாய்ப்பாகவும் அமைந்ததை மனச்சாட்சியோடு ஒப்புக்கொள்ளவேண்டும். இன்றும் அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்றே போகிறது. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. ஐம்பது வருடமாகப் பின்தங்கிய பட்டியலில் நிற்கிறோம். பட்டியலில் இருப்பதைப் பாதுகாக்கப் பேசிய அளவுக்கு, பட்டியலிலிருந்து வெளியேறுவது பற்றி நாம் பேசியிருக்கிறோமா?

ஆசிரியர் வராத காலை

1977இல் ஆட்சி மாறியது. 1972இன் சீர்திருத்தம் கைவிடப்பட்டு சாதாரண தரமும் உயர் தரமும் மீண்டும் வந்தன. பெயர்கள் திரும்பின, தொடையும் எல்லாருக்கும் கணிதம் என்பதும் போகவில்லை. இன்றும் சாதாரண தரப் பாடப்புத்தகத்தில் தொடைகளும் தாயங்களும் இருக்கின்றன. ஆக, பாடத்திட்டச் சண்டையில் 1972 ஒருவகையில் வென்றுவிட்டது. தோற்றது வேறிடத்தில்.

என் காலத்தில் எங்களுக்கு உயர் வகுப்பில் கணிதம் கற்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சேர் ஒருவர். ஊரிலேயே வாடகைக்கு இருந்தார். நோன்பு காலத்தில் பிள்ளைகள் முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டார். பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு போகும். அவர் தவிர, ஆலையடிவேம்பு, காரைதீவு போன்ற அயல் தமிழூர்களிலிருந்து சைக்கிளில் வந்துபோன ஆசிரியர்களும் இருந்தார்கள். நான் கணிதத்தை விரும்பியது இவர்களால். நிறுவலின் கடைசி வரியை எழுதிவிட்டுச் சேர் வெண்கட்டியை வைக்கும்போது வகுப்பே மூச்சுவிடும். நிறுவல் என்பது எவருடைய அதிகாரத்துக்கும் பணியாதது என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. தன் பிழையை ஒரு மாணவி சுட்டிக்காட்டியபோது, அழித்துத் திருத்திவிட்டு “சரி” என்றார். அந்த மாணவி நான்தான்.

1984இல் நான் ஆசிரியையானேன். 1985 ஏப்ரலில் இக்கரையோரத்தில் தமிழ் முஸ்லிம் கலவரம் மூண்டது. சைக்கிள்கள் நின்றன. சில மாதங்களில் சிலர் திரும்பி வந்தார்கள். பிறகு 1990 ஓகஸ்ட் வந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அயலூர் ஆசிரியர் இங்கு வரவில்லை, எங்களவர் அங்கு போகவில்லை. ஐந்து மைல் தூரம் வேறு நாடு போலாயிற்று. மௌத்துக்களை எண்ணினோம், எண்ணவேண்டியதும் அதுவே. ஆயினும் அந்த ஓகஸ்டுக்குப் பிறகு எத்தனை வகுப்பறைகளில் கணிதப் பாடவேளை வெறுமையாகிக் கிடந்தது என்பதை எவரும் எண்ணவில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்க விரும்பிய பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போனார்கள். போக முடியாத பெண்பிள்ளைகள் கலைப்பிரிவில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் கணிதம் என்ற 1972இன் தீர்மானம் காகிதத்தில் இருந்தது. ராத்தாவின் காலம் வேறு பெயரில் திரும்பியிருந்தது.

யுத்தம் இன்னொரு வழியையும் திறந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிக்க முடியாதுபோன முஸ்லிம் மாணவர்களின் நெருக்கடியிலிருந்து, எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி 1996இல் பல்கலைக்கழகமானது. எங்கள் பிரதேசத்தின் ஒலுவிலில் அதன் வளாகம். சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். அங்கு படித்து வந்த கணிதப் பட்டதாரிகள் சிலர் என்னோடு கற்பித்தார்கள். ஆசிரியர் கலாசாலை, தேசிய கல்விக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று மூன்றும் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் இடம் நாட்டில் எத்தனை? அப்படியிருந்தும் ஆறாம் தரத்துக் கணிதத்தை ‘கையில் இருக்கும்’ எவரிடமாவது ஒப்படைக்கும் பாடசாலைகளை நான் என் கடைசி வருடம் வரை கண்டேன்.

முப்பத்தைந்து புள்ளி

1990களின் இறுதியில் மீண்டும் சீர்திருத்தம். 1999இலிருந்து ஒன்றாம், ஆறாம் தரங்களில் புதிய பாடத்திட்டம். 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்வி ஆய்வு மதிப்பீட்டு நிலையம் நான்காம் தரப் பிள்ளைகளின் அடைவை நாடளாவிய ரீதியில் அளந்தது. கணிதத்தில் எதிர்பார்த்த தேர்ச்சியை எட்டியவர்கள் நூற்றுக்கு 38 பேர். சாதாரண தரத்தில் தோல்வி தொடங்கவில்லை, அங்கு வெளித்தெரிகிறது என்பதை அந்த எண் சொன்னது. 2007இல் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் வந்தது. ‘ஐந்து ஈ’ முறை என்றார்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து தாமே கண்டறியவேண்டும். நல்ல எண்ணம். நாற்பத்தைந்து பிள்ளைகள் இருந்த வகுப்பில் நாற்பது நிமிடத்தில் குழு பிரிக்கவே பதினைந்து நிமிடம் போகும்.

இதனிடையே, கணிதத்தில் சித்தியடையாதவர் உயர்தரம் படிக்கலாமா என்ற வாதம் ஓயவேயில்லை. சுற்றுநிருபங்கள் இறுகின, தளர்ந்தன. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி, தவறியவர்களுக்கும் தொழிற்பிரிவில் ஒரு வாசலைத் திறந்தது. ஒரு சாரார் தரம் போய்விட்டதே என்றார்கள். மறுசாரார் பாட்டும் இலக்கியமும் படிக்கப் போகிற பிள்ளைக்குத் திரிகோணகணிதம் எதற்கு என்றார்கள். இரு சாராரும் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அதையே பார்த்தேன். இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. 2000களில் வலயத்துக்கு வலயம் சித்தி வீதப் போட்டி. சாதாரண சித்திக்கு 35 புள்ளி போதும். பதினோராம் தரத்தில் நான் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தேன். தானாகச் சித்தியடைபவர்கள், தள்ளிவிட்டால் 35ஐத் தாண்டுபவர்கள், எப்படியும் தாண்டாதவர்கள். நடுவில் இருந்தவர்களுக்கு முதலாம் வினாத்தாளின் குறுவினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்வித்தேன். வீதம் உயர்ந்தது. பாராட்டுக் கிடைத்தது. மூன்றாம் கூட்டத்தைப் பின்வாங்கில் அமைதியாக இருக்கச் சொன்னேன். அதிலிருந்த ஒரு பிள்ளை ஒருநாள் கொப்பியோடு மேசைக்கு வந்து பின்னக் கணக்கொன்றைக் கேட்டது. பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. “உனக்கு இது வராது மகள், வேறு பாடத்தைப் பாருங்க” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்த அன்பு இன்றும் உறுத்துகிறது.

பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அதே பிள்ளை, இப்போது இரு பிள்ளைகளின் தாய், என்னைக் கண்டு எழுந்து வந்தாள். தையல் தொழில் செய்கிறாள். துணி வாங்க நுண்கடன் எடுத்திருந்தாள். கூடுமா கூடாதா என்பது வேறு பேச்சு, அவள் எடுத்துவிட்டாள். 50,000 ரூபா, வருடத்துக்கு 24 வீதம், பன்னிரண்டு தவணை. மாதம் 5,167 ரூபா. “டீச்சர், நூற்றுக்கு இருபத்து நாலுதான் எண்டு சென்னாங்க. ஆனா என்னமோ கூடப் போற மாதிரி இரிக்கி. எனக்குக் கணக்கு வராதுதானே, நீங்க பாருங்க” என்றாள்.

அவள் உணர்ந்தது சரி. வட்டி முழுத்தொகைக்கும் வருடம் முழுவதற்கும் கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால், அவள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறாள். ஆறு மாதம் முடியும்போது அவள் கையில் இருப்பது வாங்கியதில் ஏறக்குறையப் பாதி. குறைந்துகொண்டே போகும் கடனுக்கு, குறையாத வட்டி. அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டும். பந்தலுக்கு வெளியே நின்று ஒரு கடதாசி உறையின் பின்புறத்தில் இதைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டாள். ஆறாவது நிமிடத்தில் அவளே ஆறு தவணைக் கடனுக்கு என்னவாகும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவளுக்குத்தான் கணக்கு வராது என்று நான் சொல்லியிருந்தேன்.

எதை அளப்பது?

2025இலும் ஒரு சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. பாடங்கள் தொகுதிகளாகும், பரீட்சைச் சுமை குறையும் என்றார்கள். எதிர்ப்பும் ஆதரவும் பழைய குரல்களிலேயே எழுந்தன. 1972இன் வாதங்களை வருடத்தை மாற்றி அச்சிட்டாலும் வித்தியாசம் தெரியாது. இவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டம் காலத்துக்கேற்ப மாறவேண்டும். ஆனால், எங்கள் கரையோரத்தின் ஐம்பது வருடத்தில் நான் கண்டது இதுதான்: கணிதம் உயர்ந்த காலம், தெரிந்த ஆசிரியர் வந்த காலம். தாழ்ந்த காலம், அவர் வரமுடியாது போன காலம். இடையில் புத்தகத்தின் அட்டை நாலைந்து தடவை மாறியது.

எனவே, வலயங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் பாடசாலைவாரியாகக் கணிதச் சித்தி வீதத்தை வெளியிடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரலையும் சேருங்கள். அந்த வருடம் ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை எத்தனை கணிதப் பாடவேளைகள் பயிற்றப்பட்ட கணித ஆசிரியர் இல்லாமல் கழிந்தன என்ற நிரல். அதைப் போடுவதற்குச் சீர்திருத்தம் தேவையில்லை; சம்பவத் திரட்டுப் புத்தகமும் கூட்டத் தெரிந்த ஒருவரும் போதும். அந்த நிரல் இருந்தால், தரம் வீழ்ந்தது யாருடையது என்பது பெற்றாருக்கும் விளங்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ராத்தா வந்து என்னவென்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். எட்டாகப் பிரித்த இடம் வந்ததும் சிரித்தார். பிறகு சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தார். “உனக்கு வந்த சேர் எனக்கு வரல்ல, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் கைப்பக்கம் அளக்கப் போய்விட்டார்.